பூஸ்ட் அளவும் சாலையில் கிடைக்கும் வேகமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டர்போ (எக்ஸாஸ்ட் வாயுவால் சுழன்று என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) பொருத்திய சிறிய ஸ்போர்ட்ஸ் கார்களை ஒப்பிட்டுத் தங்கள் நாளிதழின் வாகனப் பகுதியில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். கார்களை அவற்றின் பூஸ்ட் அளவை, அதாவது டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தத்தைக் கொண்டு வரிசைப்படுத்திய அக்கட்டுரை, பூஸ்ட் கூடுதலாக உள்ள காரே வேகமான கார் என்றும், குறைந்த பூஸ்டுடன் வெளிவரும் கார்களின் திறனை நிறுவனங்கள் வேண்டுமென்றே பூட்டி வைத்திருக்கின்றன என்றும் முடிவு கூறியிருந்தது. பெட்ரோல் என்ஜின்களின் சோதனைப் பணியில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில், இவ்விரு முடிவுகளையும் என்னால் ஏற்க இயலவில்லை. இவற்றை நம்பி ஒருவர் காரைத் தேர்ந்தெடுத்தால் ஏமாறுவார். பூஸ்டை ஏற்றிக்கொள்ளவும் துணிந்தால் என்ஜினையே இழக்க நேரிடும். ஆகவேதான் இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

பூஸ்ட் மீட்டர் காட்டும் எண், என்ஜினுக்குள் போகும் காற்றின் அளவைச் சொல்வதில்லை. சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்தனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டில் உள்ள காற்றின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிட எவ்வளவு கூடுதல் என்பதை மட்டுமே அது சொல்கிறது. தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் பாதி அடைத்தால் குழாய்க்குள் அழுத்தம் ஏறும், ஆனால் செடிக்குப் போகும் தண்ணீர் குறையும். என்ஜினிலும் இதுவே நடக்கிறது. வால்வுகள் சிறியனவாகவும் காற்றுப் பாதைகள் நெருக்கமாகவும் இருந்தால், டர்போ தள்ளும் காற்று உள்ளே போக இடமின்றித் தேங்கி, மீட்டரில் பெரிய எண்ணாகத் தெரியும். அதே டர்போவை வைத்துக்கொண்டு சிலிண்டர் ஹெட்டின் பாதைகளைச் சீராக்கினால் மீட்டரில் எண் இறங்கக்கூடும். என்ஜினின் திறனோ ஏறும். திறனைத் தீர்மானிப்பது ஒவ்வொரு சுழற்சியிலும் சிலிண்டருக்குள் அடைபடும் காற்றின் எடையும், அந்தக் காற்றோடு சேரும் எரிபொருளைத் தக்க நேரத்தில் எரிக்க முடிவதும்தான்.

ஒரே தலைமுறையைச் சேர்ந்த மூன்று ஹோண்டா சிவிக் கார்களை எடுத்துக்கொள்வோம். 2017 மாடல் ஆண்டில் அமெரிக்காவில் விற்கப்பட்ட 1.5 லிட்டர் டர்போ சிவிக்கின் உச்ச பூஸ்ட் 16.5 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அலகு), திறன் 174 குதிரைத்திறன். அதே கொள்ளளவுள்ள சிவிக் எஸ்ஐயின் பூஸ்ட் 20.3 பிஎஸ்ஐ, திறன் 205. இரண்டு லிட்டர் என்ஜின் கொண்ட டைப் ஆர் காரின் பூஸ்ட் 22.8 பிஎஸ்ஐ, திறன் 306. முதல் இரண்டையும் ஒப்பிட்டால், மீட்டர் எண் 23 விழுக்காடு ஏறியிருக்கிறது, திறன் 18 விழுக்காடுதான் ஏறியிருக்கிறது. வெளிக்காற்றின் 14.7 பிஎஸ்ஐயையும் கூட்டி மொத்த அழுத்தமாகக் கணக்கிட்டால், ஏற்றம் 12 விழுக்காடு மட்டுமே. எந்தக் கணக்கிலும் அழுத்தமும் திறனும் சேர்ந்து நடக்கவில்லை. எஸ்ஐக்கும் டைப் ஆருக்கும் இடையே வித்தியாசம் வெறும் 2.5 பிஎஸ்ஐ, திறனில் 101 குதிரைகளின் இடைவெளி. கொள்ளளவு, டர்போவின் அளவு, உச்சத் திறன் கிடைக்கும் சுழற்சி வேகம் ஆகியவையே அந்த இடைவெளியை உண்டாக்குகின்றன. கட்டுரையாளர் வகுத்த வரிசைப்படி பார்த்தால், எஸ்ஐயும் டைப் ஆரும் ஏறக்குறைய சமமான கார்கள் ஆகிவிடும்.

அடுத்தது வெப்பம். காற்றை அழுத்தினால் அது சூடாகும். 30 டிகிரி செல்சியஸில் உள்ள காற்றை இருமடங்கு அழுத்தத்துக்கு, அதாவது ஏறக்குறைய 1 பார் (14.5 பிஎஸ்ஐ) பூஸ்டுக்குக் கொண்டுபோகும், டர்போவின் காற்றழுத்தும் பகுதியான கம்ப்ரசர் 70 விழுக்காடு செயல்திறனுடன் இயங்கினால், வெளிவரும் காற்று ஏறக்குறைய 125 டிகிரியில் இருக்கும். அதை இன்டர்கூலர் குளிர்விக்கிறது. குளிர்ந்த காற்று 50 டிகிரியில் என்ஜினை அடைகிறதா, 80 டிகிரியில் அடைகிறதா என்பதைப் பூஸ்ட் மீட்டர் காட்டாது. இரண்டு நிலையிலும் அதே எண்ணைத்தான் காட்டும். ஆனால் 80 டிகிரிக் காற்று, 50 டிகிரிக் காற்றைவிட 8 விழுக்காட்டுக்கும் மேல் அடர்த்தி குறைந்தது. அதோடு, சூடான காற்றில், தீப்பொறி மூட்டிய தீ பரவி வந்து சேரும் முன்பே எஞ்சிய எரிபொருள் கலவை தானே வெடிக்கும் ‘நாக்’ தொல்லையும் தலைதூக்கும். அதைத் தவிர்க்க, என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியு தீப்பொறியைத் தாமதப்படுத்தும், திறன் மேலும் இறங்கும். இன்டர்கூலரை என்ஜினின் தலைமேல் வைத்து, பானெட்டில் காற்று நுழைய ஒரு வாயும் வைத்த கார்கள் பல உண்டு. நெரிசலில் நின்று நின்று போன பிறகு இவற்றில் இன்டர்கூலர் என்ஜினின் சூட்டை வாங்கி வைத்திருக்கும். அந்த நிலையில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால், காலையில் குளிர்ந்த சாலையில் கண்ட வேகம் வராது.

மலைப்பாதைகளில் ஏறும்போது இந்த எண் இன்னும் தவறாக வழிநடத்தும். கடல் மட்டத்தில் ஏறக்குறைய 1.01 பாராக உள்ள காற்றழுத்தம், 2,000 மீட்டர் உயரத்தில் ஏறக்குறைய 0.79 பாராகக் குறைந்துவிடும். கடல் மட்டத்தில் 1 பார் பூஸ்ட் தரும் ஒரு கார், அதே மொத்த அழுத்தத்தை மேலேயும் தர வேண்டுமானால், அங்கே 1.2 பாருக்கும் மேல் பூஸ்ட் தர வேண்டும். இதற்காகக் கம்ப்ரசர் வெளிக்காற்றை இருமடங்குக்குப் பதில் இரண்டரை மடங்கு அழுத்த வேண்டியிருக்கும். டர்போ வேகமாகச் சுழலும், காற்று அதிகம் சூடாகும், கிடைக்கும் திறனோ கீழே கிடைத்ததற்கு மேல் போகாது. பெரும்பாலும் குறைந்தே இருக்கும். மீட்டரில் எண் ஏறியிருக்க, திறன் ஏறாமல் நிற்கும் நிலை இது. டர்போ மிக வேகமாகச் சுழன்று சேதமடையக் கூடாது என்பதற்காகப் பல இசியுக்கள் உயரமான இடங்களில் மொத்த அழுத்தத்தையே குறைத்துக்கொள்ளும். அதுவும் பாதுகாப்புதான், பதுக்கல் அன்று.

எரிபொருளைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாதது எனக்குப் பெரும் வருத்தம். மாஸ்டா 3 காரின் 2.5 லிட்டர் டர்போ என்ஜினுக்கு அந்த நிறுவனமே அமெரிக்காவில் இரண்டு திறன் அளவுகளை வெளியிட்டது. அமெரிக்கக் கணக்கில் 93 ஆக்டேன் (நாக்கைத் தாங்கும் தரத்தின் அளவு) பெட்ரோல் போட்டால் 250 குதிரைத்திறன். 87 ஆக்டேன் போட்டால் 227. டர்போ, இன்டர்கூலர், பிஸ்டன் எல்லாம் அவையேதான். பெட்ரோல் பங்கில் எந்தக் குழாயிலிருந்து நிரப்பினோம் என்பது மட்டுமே மாறியிருக்கிறது. இப்படி வெளிப்படையாகச் சொன்ன நிறுவனத்தைப் பாராட்ட வேண்டும். ஆக்டேன் குறைந்தால் திறன் குறைவது இன்றைய டர்போ பெட்ரோல் கார்கள் பெரும்பாலானவற்றுக்கும் ஓரளவு பொருந்தும். பிற நிறுவனங்கள் சிறந்த எரிபொருளில் கிடைத்த ஒரே எண்ணை அச்சிட்டுவிட்டு நிறுத்திக்கொள்கின்றன.

இதன் வரலாறும் கவனிக்கத்தக்கது. 1973-இல் வந்த பிஎம்டபிள்யூ 2002 டர்போ, நாக் தொல்லைக்கு அஞ்சி 6.9-க்கு 1 என்ற மிகக் குறைந்த அழுத்த விகிதத்தில் (பிஸ்டன் கலவையைச் சுருக்கும் விகிதம்) இயங்கியது. 170 குதிரைத்திறன் இருந்தும், டர்போ விழித்துக்கொள்ளும் வரை அது சோர்வான காராகவே இருந்தது. விழித்துக்கொண்ட பின் ஓட்டுநரைத் திடுக்கிட வைத்தது. ஸாப் நிறுவனம் 1980-களின் தொடக்கத்தில் கொண்டுவந்த ஏபிசி அமைப்பு இந்த நிலையை மாற்றியது. நாக் ஒலியை ஒரு சென்சர் கேட்டுக்கொண்டே இருக்கும். தொட்டியில் உள்ள பெட்ரோலின் தரத்துக்கு ஏற்பப் பூஸ்ட் தானாக ஏறி இறங்கும். பூஸ்ட் என்பது நிலையான ஓர் எண்ணாக இருந்த காலம் அப்போதே முடியத் தொடங்கிவிட்டது. அதை மாறாத ஒரு குணம்போல இன்றும் அட்டவணையில் எழுதுவது சரியன்று.

இன்றைய கார்களில் ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது இசியுவிடம் அவர் கேட்பது முறுக்குவிசையைத்தான். எவ்வளவு முறுக்குவிசை தரலாம் என்பதை இசியு முதலில் முடிவு செய்கிறது; அதற்கு எவ்வளவு காற்று வேண்டும், அந்தக் காற்றுக்கு எவ்வளவு பூஸ்ட் வேண்டும் என்பதெல்லாம் அதற்குப் பிந்திய கணக்கு. எந்த கியரில் இருக்கிறோம், கியர்பாக்ஸ் எவ்வளவு தாங்கும், குளிர்விப்பு நீரின் சூடு என்ன, எக்ஸாஸ்ட் வாயுவின் சூடு என்ன என்பவை எல்லாம் அந்த முடிவில் சேரும். முன்சக்கர இயக்கமும் 263 குதிரைத்திறனும் கொண்ட மாஸ்டாஸ்பீட் 3 கார் முதல் இரண்டு கியர்களில் முறுக்குவிசையைக் கட்டுப்படுத்தியே தந்தது. ஸ்டீயரிங்கைப் பிடுங்கி இழுக்கும் முன்சக்கரங்களால் அதற்கு மேல் சாலையில் இறக்க முடியாது என்பதே காரணம். முதல் கியரில் முழு பூஸ்ட் தந்திருந்தால் டயர் புகைந்திருக்கும், நேரம் குறைந்திருக்காது.

காரின் கோளாறறி இணைப்பான ஓபிடியில் ஒரு பதிவுக் கருவியைச் செருகி, மூன்றாம் கியரில் நிமிடத்துக்கு 1,800 சுழற்சியிலிருந்து ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துப் பதிவான கோடுகளைப் பார்ப்பவருக்கு, ‘இந்தக் காரின் பூஸ்ட் எவ்வளவு’ என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது என்பது உடனே விளங்கும். மிதித்த கணத்தில் த்ராட்டில் திறந்து, மேனிஃபோல்டு அழுத்தம் வெளிக்காற்றின் அளவை எட்டிவிடும். அங்கிருந்து கோடு மெல்லச் சாய்ந்து ஏறத் தொடங்கும். எக்ஸாஸ்ட் வாயு டர்போவின் டர்பைன் சக்கரத்தை வேகமூட்டும் இந்த இடைவெளியைத்தான் லேக் என்கிறோம். 2,500 சுழற்சியை நெருங்கும்போது கோடு செங்குத்தாக எழுந்து, இலக்கைச் சற்றுத் தாண்டி ஒரு முனை காட்டும். டர்பைனுக்குப் போகும் வாயுவில் ஒரு பகுதியைத் திருப்பிவிடும் வேஸ்ட்கேட் திறந்ததும் கீழிறங்கிச் சமன்படும். விளம்பரங்களிலும் இணைய மன்றப் பேச்சுகளிலும் அடிபடும் எண் பெரும்பாலும் ஒரு நொடிக்கும் குறைவாக நிற்கும் அந்த முனைதான். 5,000 சுழற்சிக்கு மேல் கோடு தொடர்ந்து சரியும். இன்டேக் வெப்பநிலைக் கோடோ அதே நேரத்தில் நிதானமாக ஏறிக்கொண்டிருக்கும். உடனே மறுமுறை ஓட்டினால், பூஸ்ட் கோடு முதல் கோட்டின்மேலேயே படிந்திருக்க, தீப்பொறி நேரக் கோடு மட்டும் இரண்டு மூன்று டிகிரி பின்வாங்கியிருப்பதைக் காணலாம். வேகம் குறைந்ததற்கான காரணம் அந்தக் கோட்டில்தான் இருக்கும். பூஸ்ட் மீட்டரை மட்டும் பார்த்திருந்தவருக்கு இரண்டு ஓட்டங்களும் ஒன்றே.

உயர் சுழற்சியில் பூஸ்ட் சரிவதைக் கட்டுரையாளர் குறையாகச் சொல்லியிருக்கிறார். ஏழாம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐயின் அறிவிக்கப்பட்ட அளவுகளைக் கொண்டு இதைச் சரிபார்க்கலாம். அதன் 350 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை 1,500 முதல் 4,400 சுழற்சி வரை கிடைக்கிறது. 220 பிஎஸ் (மெட்ரிக் குதிரைத்திறன்) திறன் 4,500 முதல் 6,200 வரை நிலையாக நிற்கிறது. 4,400 சுழற்சியில் 350 நியூட்டன் மீட்டரைத் திறனாகக் கணக்கிட்டால் ஏறக்குறைய அந்த 220 பிஎஸ்தான் வருகிறது. அங்கிருந்து 6,200 வரை திறன் மாறாமல் இருக்க வேண்டுமென்றால், முறுக்குவிசை ஏறக்குறைய 250 நியூட்டன் மீட்டருக்கு இறங்கியாக வேண்டும். அதற்கேற்பப் பூஸ்டும் இறங்கும். வடிவமைப்பாளர்கள் திட்டமிட்டு வரைந்த சரிவு அது. அன்றாடச் சாலையில் நாம் பெரும்பாலும் 1,500-க்கும் 4,000-க்கும் இடையில்தான் இருக்கிறோம். அங்கே விரைவில் விழித்துக்கொள்ளும் சிறிய டர்போ தரும் இன்பத்தை, 4,000-க்கு மேல் மட்டுமே வாய் திறக்கும் பெரிய டர்போ தராது. அதே தலைமுறை கோல்ஃப் ஆர் காரில் இதைவிடப் பெரிய டர்போ உள்ளது. அதன் கூடுதல் திறனுக்கு அந்த வன்பொருளே அடிப்படை. ஜிடிஐயின் மென்பொருளில் ஒரு பூட்டைத் திறந்தால் ஆர் கிடைத்துவிடாது.

ஒரே வன்பொருளை இரண்டு திறன் அளவுகளில் விற்கும் வழக்கம் அறவே இல்லை என்று நான் சொல்லவில்லை; இருக்கிறது. ஆனால் உச்சப் பூஸ்டை உண்மையாகவே உயர்த்த என்ன வேண்டியிருக்கிறது என்பதற்கு மெர்சிடீஸ்-ஏஎம்ஜி ஏ45 நல்ல சாட்சி. 2013-இல் அதன் இரண்டு லிட்டர் என்ஜின் 1.8 பார் பூஸ்டில் 360 பிஎஸ் தந்தது. 2019-இல் வந்த ஏ45 எஸ், 2.1 பார் பூஸ்டில் 421 பிஎஸ் தந்தது. இடையில் அவர்கள் என்ஜினையே புதிதாக வடிவமைத்தார்கள். அதை 180 டிகிரி திருப்பி, டர்போவை ஓட்டுநர் அறையை நோக்கிய பக்கத்தில் வைத்தார்கள். டர்போ தண்டுக்கு உருளை பேரிங்குகள் கொடுத்தார்கள். இத்தனையும் 0.3 பாருக்காகவும் அதைத் தாங்குவதற்காகவும் செய்த வேலை.

சில கார்களில் உச்ச அளவுக்குக் கால வரம்பும் உண்டு. ஏழாம் தலைமுறை கோல்ஃப் ஜிடிஐ கிளப்ஸ்போர்ட் 265 பிஎஸ் கார். 290 பிஎஸ் என்பது ஏறக்குறைய 10 நொடிகளுக்கு மட்டும். ஹூண்டாய் எலான்ட்ரா என் 276 குதிரைத்திறன் கார். பொத்தானை அழுத்தினால் 20 நொடிகளுக்கு 286. அட்டவணையில் எந்த எண்ணை எழுதுகிறோம் என்று ஒரு சிறு குறிப்பாவது வேண்டாமா?

0-100 கிலோமீட்டர் நேரத்தையே செயல்திறனின் அளவுகோலாகக் கொள்வதிலும் எனக்கு உடன்பாடில்லை. அந்த நேரத்தைப் பெற, நின்ற இடத்திலேயே என்ஜினை முறுக்கிப் பூஸ்ட் ஏற்றிவைத்து, கிளட்சை விட்டுப் பாய்கிறார்கள். லேக் என்பதே அந்த எண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. அமெரிக்க இதழ்கள் பலவற்றின் முறைப்படி முதல் ஓர் அடி தூரம் கணக்கில் சேராது. அதிலேயே ஏறக்குறைய 0.3 நொடி குறைந்துவிடும். மாறாக, மெல்ல உருண்டுகொண்டிருக்கும் காரை 5 மைல் வேகத்திலிருந்து 60 மைல் வரை முடுக்கிப் பார்க்கும் அளவீடும், ஒரே கியரில் 80-இலிருந்து 120 கிலோமீட்டர் வரை எடுக்கும் நேரமும், சாலையில் ஒரு லாரியை முந்தும்போது நமக்குக் கிடைப்பதைக் காட்டுகின்றன. காகிதத்தில் பின்தங்கிய சிறிய டர்போ கார்கள் இந்தச் சோதனைகளில் முன்னுக்கு வருவது உண்டு.

கட்டுரையின் இறுதியில் இருந்த, ‘பூட்டைத் திறந்து பூஸ்டை ஏற்றிக்கொள்ளலாம்’ என்ற பரிந்துரைதான் என்னை மிகவும் கவலை கொள்ளச் செய்தது. நிறுவனம் விட்டுவைக்கும் இடைவெளி வீணாகக் கிடப்பதன்று. கடும் வெயிலில், தரம் குறைந்த பெட்ரோலுடன், முழு பாரத்தோடு, பழைய ஸ்பார்க் பிளக்குகளுடன் நீண்ட ஏற்றம் ஏறும் ஒரு காருக்கும் அந்த இடைவெளி தேவை. நேரடி எரிபொருள் பாய்ச்சல் கொண்ட டர்போ என்ஜின்களில், குறைந்த சுழற்சியில் அதிக பாரம் ஏற்றும்போது, தீப்பொறிக்கு முன்பே கலவை பற்றிக்கொண்டு பிஸ்டனை உடைக்கும் கோளாறு ஒன்றும் உண்டு. இதற்காகவே 2018-இல் ஏபிஐ எஸ்என் பிளஸ் என்ற புதிய ஆயில் தரம் வந்தது. குறைந்த சுழற்சியில் இசியு முறுக்குவிசையை அடக்கி வைப்பதற்கு இந்த அச்சமும் ஒரு காரணம். அந்த இடத்தில் பூஸ்டை ஏற்றிக்கொண்டவர் முதல் நாளில் மகிழ்வார்; சேதமோ பல மாதங்கள் கழித்து, வாரண்டியும் கைவிட்ட நிலையில் வரும். பூஸ்டை ஏற்றவே கூடாது என்பது என் கருத்தன்று. எரிபொருள், இன்டர்கூலர், கிளட்ச், பிளக் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்து, பதிவுக் கருவியின் கோடுகளைப் பார்த்துப் பார்த்துச் செய்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் வேலையில் எனக்கு மதிப்பு உண்டு. மீட்டரில் ஓர் எண்ணை எட்டுவதே இலக்கு என்று செய்பவர்களிடம்தான் அச்சம்.

எனவே, தங்கள் நாளிதழின் கார் சோதனைகளில் பூஸ்ட் எண்ணை அச்சிடும்போது, அது நொடிப்பொழுதில் வந்துபோன முனையா, நிலைத்து நின்ற அளவா என்பதைக் குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். சோதனையின்போது தொட்டியில் இருந்த பெட்ரோலின் ஆக்டேன் அளவு, வெளி வெப்பநிலை, சோதனை நடந்த இடத்தின் உயரம் ஆகியவற்றையும் சேர்த்து வெளியிடுங்கள். 0-100 நேரத்துக்குப் பக்கத்தில் 80-120 நேரமும் இருக்கட்டும். முதல் ஓட்டத்தின் நேரத்தோடு, இடைவெளியின்றி அடுத்தடுத்து ஓட்டி என்ஜின் நன்கு சூடான பிறகு கிடைக்கும் நேரத்தையும் அச்சிட்டால், எந்தக் காரின் இன்டர்கூலர் போதுமானது என்பதை வாசகர்கள் தாங்களே கண்டுகொள்வார்கள். பூஸ்டை ஏற்றிக்கொள்ளலாம் என்ற பரிந்துரைக்கு மட்டும், அடுத்த இதழிலேயே ஒரு திருத்தக் குறிப்பு வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்